ஆறுமணிக்குருவி நடந்து போனது

இங்கே ஆறு மணி என்றால் ஆறு மணிதான். கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து பத்து மாதமாகியும் இது எனக்குப் பழகவில்லை. காலை ஆறுக்கு வெளிச்சம் வருகிறது, மாலை ஆறுக்குப் போகிறது. தை என்றாலும் ஆடி என்றாலும் அரை மணித்தியாலம் முன்பின், அவ்வளவுதான். கோயில் மணி, கடலோரத் தண்டவாளத்தில் போகிற ரயில், வீதி வீதியாகப் பாண் விற்கிறவனின் ஓட்டோவில் இருந்து வருகிற பாட்டு எல்லாம் வெளிச்சத்தோடு சேர்ந்து வருகின்றன. இதிலே என்ன அதிசயம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். வடக்கு நாடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். நோர்வேயில் கடிகாரம் ஒன்று சொல்லும், வானம் வேறொன்று சொல்லும். மார்கழியில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஆனியில் இரவுச் சாப்பாடு முடித்துப் படுக்கப் போனால் யன்னலுக்கு வெளியே வெயில் நிற்கும். கறுத்த திரை போட்டு இரவை நாங்களே உண்டாக்கிக்கொண்டு படுப்போம். அப்படி இருபது வருடத்துக்கு மேல் இருந்ததில் வானத்தைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாவகச்சேரியில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், இத்தாலியில் தக்காளி பிடுங்கினேன், நோர்வேயில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தேன். ஒரு கலியாணம் நடந்து சண்டையில்லாமல் முடிந்தது. நாலு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்ததில்லை. வெள்ளவத்தைக்கு வந்தது பவளக்காவுக்காக. பவளக்கா என் பெரியம்மாவின் மகள், எழுபது தாண்டியவர், கணவர் இல்லை. கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் நாலாம் மாடி ஃபிளாற்றில் தனியாக இருந்தார். மகன் சுதன் கனடாவில். தாயை நிரந்தரமாக அங்கே கூப்பிட அவனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒருவழி ரிக்கெற் போட வேண்டும், ஃபிளாற்றை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முன்பொருமுறை போய், ஒரு குளிர்காலம் முழுவதும் யன்னலுக்குள்ளே இருந்துவிட்டு வந்தவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பலகாரம்போல இருந்ததாகச் சொல்வார். ஆனால் போன வருடம் குளியலறையில் விழுந்து, அடுத்த வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை நிலத்திலேயே கிடந்ததும் அவருக்கு மறக்கவில்லை. சுதன் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் நெருக்கினான். “கந்தசஷ்டி முடியட்டும், சொல்லுறன்” என்று அக்கா தவணை கேட்டார்.

விரதம் தொடங்குவதற்கு முன் வீட்டைக் கழுவுவது அக்காவின் வழக்கம். என் பங்குக்குப் பல்கனியின் பெரிய கண்ணாடிக் கதவைத் துடைத்தேன். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே தொழில் அது. உப்புக் காற்றில் பல வருடமாய்ப் படிந்திருந்த மங்கலைச் சவர்க்காரத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ரப்பர் தகட்டால் மேலிருந்து கீழாக இழுத்து, விளிம்புகளைப் பழைய பேப்பரால் தேய்த்தேன். அக்கா துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் செம்போடு வந்து நேரே கண்ணாடியில் முட்டிக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே, “என்ன தம்பி, கதவைக் கழட்டிப்போட்டியோ?” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு என் தொழிலில் இல்லை.

விரதத்தின் இரண்டாம் நாள் காலை, ஆறு மணி கழிந்து சிறிது நேரத்தில், அந்தக் கண்ணாடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். துணி மூட்டையொன்றை எறிந்ததுபோல இருந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். போய்ப் பார்த்தால் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு குருவி கிடந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. பச்சை முதுகு, சந்தன நிற நெஞ்சு, செட்டையில் ஒரு நீலப் பளபளப்பு, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி. வால் என்று சொல்ல எதுவுமில்லை, யாரோ வெட்டி எடுத்ததுபோல. ஒரு செட்டை தொங்கியது. கண் திறந்திருந்தது. கண்ணாடியில் தெரிந்த கறிவேப்பிலையை உண்மையென்று நம்பி வந்திருக்கிறது. மங்கலாக இருந்த காலம் முழுவதும் அந்தக் கதவில் ஒரு குருவியும் முட்டியதில்லை என்று அக்கா பிறகு சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார்.

ஒஸ்லோவில் இது அடிக்கடி நடக்கும். இலையுதிர் காலத்தில் காலையில் வாளியோடு போனால் கட்டடத்தின் அடியில் சின்னக் குருவிகள் கிடக்கும். ஒரு நாள் ஒரு குருவி விழுந்து கிடக்க, அந்த அலுவலகத்துப் பெண்ணொருத்தி ஓடிவந்து கண்ணாடியையும் நிலத்தையும் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். அப்போது எனக்கு அவர்கள் மொழியில் பத்துப் பதினைந்து சொற்கள்தான் தெரியும். கண்ணாடி துடைத்து முடிந்ததா என்று கேட்கிறாள் என்று நினைத்து, “ஃபேர்டி” என்றேன். முடிந்தது என்று பொருள். அவள் தலையைக் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு மூடியதும் குருவி எழும்பி ஒரு உதறு உதறிவிட்டுப் பறந்து போனது. போய்ச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. அந்தப் பெண் அந்தக் கட்டடத்தில் இருந்த காலம் முழுவதும் என்னை ஒரு துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணாடிகளில் கறுப்புப் பருந்து வடிவங்களை ஒட்டினார்கள், குருவிகள் பயந்து விலகிப் போவதற்கு. நான் பருந்துகளைச் சுற்றித் துடைத்தேன்.

குருவியைத் துவாயில் எடுத்து, பழைய சப்பாத்துப் பெட்டியொன்றில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தேன். அக்கா எட்ட நின்று பார்த்தார். என்ன குருவி என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் தண்ணீர் மோட்டரைப் பற்றிச் சொல்ல எங்கள் கட்டடத்துச் செக்கியுரிட்டி நிஹால் மேலே வந்தான். நிஹால் சிங்களவன். ஆனாலும் அக்காவோடு தமிழில்தான் முயற்சி செய்வான். தமிழைக் கீழே விளையாடுகிற பிள்ளைகளிடம் பழகியவன். அதனால் அக்காவைக் கண்டால், “ஆன்ட்டி, சாப்பிட்டியா? கோயில் போனியா?” என்றுதான் வரும். அக்கா அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். அன்றைக்குப் பெட்டியை எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்து, “அவிச்சியா!” என்றான்.

அக்காவின் முகம் மாறியது. நிஹால் மறுபடியும் பெட்டியைக் காட்டி, தலையை ஆட்டி, “அவிச்சியா, ஆன்ட்டி. அவிச்சியா” என்றான்.

“தம்பி, கேட்டியோ? நான் ஆறு நாளும் பாலும் பழமும் எண்டு கிடக்கிறன். என்னைப் பாத்துக் குருவியை அவிச்சியா எண்டு கேக்கிறான்” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவருடைய கோபம். நிஹாலுக்கு என்ன பிழை செய்தோம் என்று விளங்கவில்லை. என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கடைசியில் சொற்களை விட்டுவிட்டு, உதட்டைக் குவித்து, இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி அடித்தான். முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஆறுமணிக்குருவி” என்றார்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாரி தொடங்குகிற காலத்தில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வளவின் பின்பக்கத்தில் இருந்து வருகிற சீட்டி. எங்கள் பக்கத்தில் கடிகாரம் இல்லாதவர்களும் அதைக் கேட்டு எழும்புவார்கள், அதைக் கேட்டு விளக்குக் கொளுத்துவார்கள். ஆனால் அது பற்றைக்குள்ளே இருந்து கத்துகிற குருவி. எழுபது வருடம் குரலை மட்டும் கேட்ட அக்கா உருவத்தை அன்றுதான் பார்த்தார். உருவம் முன்னால் கிடந்தும், குரல் இல்லாததால் அடையாளம் தெரியாமல் நின்றோம். ‘அவிச்சியா’ சிங்களத்தில் அதன் பெயர் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்க வேண்டியவர், சிரிக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

நிஹால் நல்ல மனிதன், ஆனால் குருவி வளர்ப்பில் எங்களைவிடப் பெரிதாக ஒன்றும் தெரிந்தவன் அல்ல. சோறு வை என்றான், பிறகு வாழைப்பழம் வை என்றான். குருவி இரண்டையும் திரும்பியும் பார்க்கவில்லை. அவனிடம் இருந்தது ஒரு கதை. ஒவ்வொரு வருடமும் இது இந்தியாவில் இருந்து வருமாம். ஆதியில் இதற்கு நீண்ட தோகை இருந்ததாம். “மயில் கல்யாணம் போச்சு. இதுகிட்ட இரவல் கேட்டுச்சு. திருப்பிக் குடுக்கல. அதுதான் கத்துது” என்றான். முருகனின் மயில் களவெடுக்குமோ என்று அக்கா அவனை முறைத்தார். அவன் கீழே இறங்கிப் போனபின், “அப்படியெண்டா இந்தக் குருவிக்கு முருகன்தான் பொறுப்பு” என்றார்.

அன்று பின்னேரம் சுதன் மறுபடியும் தொலைபேசி எடுத்தான். பேசி முடித்துவிட்டு அக்கா சாமிப்படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “தம்பி, நேர்ந்திட்டன். இந்தக் குருவி பறந்தா நான் போறன். செத்தா இருக்கிறன். அவர் பாத்து முடிவெடுக்கட்டும்” என்றார்.

எனக்குச் சகுனங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் இருந்து பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதை விரும்புவது என்று தெரியாமல் போயிற்று. குருவி பிழைத்தால் அக்கா கண்ணாடிக்குள்ளே போவார். செத்தால் தனியாகக் குளியலறைக்குப் போவார். ஒரு குருவி சாகக்கூடாது என்பதற்கு இத்தனை கணக்குத் தேவையா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. கறிவேப்பிலைச் சாடியைக் கிளறி மண்புழு எடுத்தேன். விரத வீட்டுக்குள்ளே புழுவோ என்று அக்கா முகத்தைத் திருப்பினார். பிறகு குசினிக்குள்ளே இருந்து, “அதுக்கு விரதமில்லைத்தானே, குடு” என்று குரல் வந்தது. அடுத்த நாள் அவரே பல்கனியில் நின்று, செவ்வரத்தைச் சாடியில் இன்னும் பெரிதாக இருக்கும் என்று கை காட்டினார். குருவி தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் அசையாமல் இருந்தது.

அந்த அசையாமை எனக்குத் தெரிந்தது. நித்திரையும் இல்லை, பயம் என்றும் சொல்ல முடியாது. இருபது வயதில், வெளிநாடு போக வந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அப்படி இருந்திருக்கிறேன். ஏழு பேருக்கு ஒரு அறை. எங்களை அனுப்புகிற ஏஜென்ற் நாளைக்கு என்று சொல்வான், நாளைக்கும் நாளைக்கு என்பான். பொலிஸ் சோதனைக்குப் பயந்து யன்னலில் நிற்கக்கூடாது என்பது கட்டளை. கட்டிலில் இருந்தபடி முன் கட்டடத்தின் பீலிக்குக் கீழே சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஒரு அரசங்கன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இருந்த காலத்தில் அது மூன்று இலை புதிதாக விட்டது. மண்ணே இல்லாத இடத்தில் எதைத் தின்று இலை விடுகிறது என்று யோசிப்பேன். பிறகு களவாக எல்லை கடக்கப் போலந்துக் காட்டில் சருகுக்குள்ளே மூச்சுவிடாமல் கிடந்தபோதும் அந்தக் கன்று நினைவுக்கு வந்தது. அந்தக் காலங்களை இதுவரை வீணாகப் போன காலமாகத்தான் எண்ணியிருந்தேன். ஓடினால் வாழ்க்கை, இருந்தால் வீண், இதுதான் என் கணக்கு. பெட்டிக்குள்ளே இருந்த குருவியைப் பார்க்கப் பார்க்க அந்தக் கணக்குச் சரிவரவில்லை. அது காத்திருக்கவில்லை. இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தது. தொங்கிய செட்டை அப்படி இருந்து இருந்துதான் மேலே ஏறியது.

விரதத்தின் கடைசி நாள், சூரன்போர் அன்று பின்னேரம் செட்டை இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய வீடு இருக்கிறது. இடித்து ஃபிளாற் கட்டப் போகிறார்கள். அதுவரைக்கும் அதன் பின்வளவில் ஒரு பலாவும், வருடக்கணக்காய்க் கூட்டாத சருகும். நிஹால் அங்கத்தைய காவலாளியிடம் கதைத்துக் கேற்றைத் திறந்து வைத்தான். அக்கா கோயிலுக்குப் போகக் கட்டிய சேலையோடு பெட்டியைத் தானே கையில் ஏந்தி லிப்டில் இறங்கினார். பெட்டியை நிலத்தில் வைத்து மூடியை எடுத்தேன். மூன்று பேரும் மேலே பார்க்கத் தயாராக நின்றோம்.

குருவி பெட்டியின் விளிம்பில் ஏறியது. கீழே குதித்தது. இரண்டு தத்து தத்தி நின்றது. ஒரு சருகைச் சொண்டால் புரட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு தத்து. இன்னொரு சருகு. அப்படியே புரட்டிப் புரட்டிப் பலாவின் அடிக்குள்ளே நடந்து போய்விட்டது.

“பறக்கேல்லையே” என்றார் அக்கா.

நடப்பதுதான் அதன் பழக்கம்போல என்றேன்.

“நான் பறந்தா எண்டெல்லோ நேர்ந்தனான். செத்தா எண்டும் சொன்னனான். நடந்தா எண்டு ஒண்டும் சொல்லேல்லையே.” உண்மையாகவே கலங்கிப்போய் நின்றார். நாங்கள் சந்தோசப்படுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்த நிஹால், ஆன்ட்டிக்கு என்ன என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டான். எனக்கிருந்த சிங்களத்தில் அதைச் சொல்ல வழியில்லை. அப்போது கோயில் பக்கம் இருந்து பறை கேட்டு ஓய்ந்தது. வெளிச்சம் பலா இலைகளுக்குள்ளே ஒடுங்கியது. சருகுக்குள் இருந்து அந்த இரண்டு சுரம் வந்தது, ஏறி இறங்கி. ஒருவரும் மணி பார்க்கவில்லை. அக்கா கை கூப்பினார். நிஹாலும் ஏனென்று தெரியாமல் கூப்பினான்.

லிப்டில் ஏறும்போது அக்கா தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார்: “கடலைத் தாண்டி வந்த சீவன். இஞ்ச வந்து கோழிமாதிரி நடக்குது. சித்திரை வர எழும்பிப் போகும், என்ன?” ஓம் என்றேன். “பிறகும் வரும்?” ஓம் என்றேன்.

மறுநாள் விரதம் முடித்துச் சோறு சாப்பிட்டபின் அக்காவே சுதனுக்கு எடுத்தார். “வாறன் ராசா. சித்திரைக்கு ரிக்கெற் போடு. ஐப்பசிக்குத் திரும்பிறதுக்கும் சேர்த்துப் போடு” என்றார். நிரந்தரமாக என்றல்லவா பேச்சு, திரும்பவும் விழுந்தால் என்ன செய்வது, ஒவ்வொரு வருடமும் இப்படிப் பறக்க வயதிருக்கிறதா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. “குருவி இரண்டு பக்கமும் இருக்குது. எது உன்ரை ஊர் எண்டு ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. அங்க வெயில் இருக்கேக்க அங்க இருக்கிறன். குளிர் துவங்க இஞ்ச வாறன். இஞ்ச விழுந்தா மாமா தூக்குவான்” என்றார் அக்கா. சுதன் தொலைபேசியை என்னிடம் கொடுக்கச் சொன்னான். “மாமா, அம்மாக்கு என்ன நடந்தது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். விரதம் முடிந்து வடிவாகச் சாப்பிட்டார் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் இருப்பேனா என்று கேட்கவில்லை. என் கால்களின் குணம் அவருக்குத் தெரியும். அந்த வாரம்தான் திருகோணமலைக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று நானும் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். ஐப்பசி வரைக்கும் இருக்கிறேன் என்று நானாகச் சொன்னேன். என் வாயில் இருந்து ஒரு மாதத்தின் பெயர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

மாரி முழுவதும் எங்கள் மாடிப்படி யன்னலில் இருந்து அந்த வளவைப் பார்த்தேன். குருவி பலாவடியில் ஒரு துண்டு நிலத்தை விட்டு அசையவில்லை. நேற்றுப் புரட்டிய சருகை இன்றும் புரட்டியது. இன்னொரு குருவி வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக் கலைத்தது. அத்தனை கடலைத் தாண்டுகிற பிராணி அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு முழுதாக இருந்தது. நான் என்னை நாடோடி என்று சொல்லிப் பெருமைப்படுகிறவன். குருவியும் நானும் ஒரே சாதி என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கத்தான் வித்தியாசம் தெரிந்தது. அது ஒரு இடத்துக்குப் போகிறது. நான் ஒவ்வொரு இடத்தில் இருந்தும் விலகி வந்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே தூரம்தான், ஒரே களைப்புத்தான்.

சித்திரை பிறந்தபின் ஒரு நாள் மாலை ஆறுக்குச் சீட்டி கேட்கவில்லை. அடுத்த வாரம் அக்காவைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டேன். போவதற்கு முன் கண்ணாடிக் கதவை என்ன செய்வது என்று கேட்டார். ஐப்பசியில் குருவிகள் வருமே. ஒஸ்லோவின் பருந்துகளைப் பற்றிச் சொன்னேன். “களைச்சு வாறதைப் பயப்பிடுத்திறதோ? இஞ்ச ஒரு வீடு இருக்கெண்டு சொன்னாக் காணும்” என்று சொல்லிவிட்டு, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடியின் நடுவில் மூன்று விரலால் இழுத்தார். ஒரு விரல் அடையாளம் இருந்தாலே மேலாளர் கூப்பிட்டுப் பேசுகிற தொழிலில் இருந்தவன் நான். இப்போது கிழமைக்கு ஒருமுறை உப்பைத் துடைக்கும்போது அந்த மூன்று குறிகளையும் சுற்றித் துடைக்கிறேன்.

நேற்று அக்கா எடுத்தார். சுதன் வீட்டுப் பதினாலாம் மாடி யன்னலிலும் பூசினாராம், மருமகள் துடைத்தாளாம், திரும்பவும் பூசினாராம். அங்கே காலை, வெயில் நன்றாக எறிக்கிறது என்றார். இங்கே என்ன நேரம் என்று கேட்டார். ஆறு மணி என்றேன். “சரி, விளக்கைக் கொளுத்து” என்று சொல்லி வைத்தார்.

விளக்கைக் கொளுத்தினேன். வெளியே இருட்டவும் உள்ளே வெளிச்சம் வரவும் கண்ணாடியில் நான் தெரிந்தேன். எனக்குள்ளாலே கடலும், தூரத்தில் கப்பல்களின் வெளிச்சமும் தெரிந்தன. அக்கா தன் நெற்றி உயரத்துக்குப் பூசியது. எனக்கு அது கழுத்தில் விழுந்தது. கொஞ்சம் குனிந்தேன். மூன்று குறியும் நெற்றிக்கு வந்தன.